சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தை முதன்முறை பயன்படுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

வெளியூரிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்து இறங்குவோரில் பலர், நகரத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே மண்ணுக்கடியில் இறங்கிவிடுகிறார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் முகப்பை விட்டு வெளியே வந்தவுடன் எதிர்ப்படுவது மெட்ரோ நிலையத்தின் நுழைவாயில்தான். 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல்' என்பது அதன் முழுப்பெயர். பேச்சு வழக்கில் 'சென்ட்ரல் மெட்ரோ' என்றால் போதும். 2018 மே 25 அன்று பச்சை வழித்தடத்துக்காகவும், 2019 பிப்ரவரி 10 அன்று நீல வழித்தடத்துக்காகவும் திறக்கப்பட்ட இந்த நிலையம், சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் கட்டப்பட்ட நிலையங்களிலேயே மிகப் பெரியது. இரண்டு வழித்தடங்கள் நிலத்தடியில் சந்திக்கும் இடமும் முதல் கட்டத்தில் இது ஒன்றுதான். மற்றொரு சந்திப்பான ஆலந்தூர், தூண்களின்மேல் உயரத்தில் நிற்கிறது.

பெரிய நிலையம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், கீழே இறங்கிவிட்டால் வானமும் தெருவும் கண்ணுக்குத் தெரியா. கிழக்கு எது, மேற்கு எது என்று தோன்றாது. ஆகவே எந்த வழித்தடம், அதன் எந்த முனை நோக்கிச் செல்லும் ரயில், இறங்குமிடத்தில் எந்த வாயில் ஆகிய மூன்றையும் மேலே தெருவில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. இம்மூன்றும் தெரிந்தவருக்கு மற்றவற்றை நிலையத்தின் பலகைகளே சொல்லிவிடும்.

முதலில், மெட்ரோ உங்களுக்குப் பொருத்தமானதா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. சென்ட்ரலைச் சுற்றி மெட்ரோவைத் தவிர இன்னும் மூன்று ரயில் நிலையங்கள் உள்ளன. தொலைதூர ரயில்கள் புறப்படும் முதன்மை நிலையத்தை ஒட்டி, ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி மார்க்கங்களில் செல்லும் மின்சார ரயில்களுக்கான மூர்மார்க்கெட் வளாக நிலையம் இருக்கிறது. ஈ.வெ.ரா. பெரியார் சாலைக்கு எதிர்ப்புறத்தில் தாம்பரம், செங்கல்பட்டு மார்க்கத்துக்கான பார்க் நிலையமும், அதற்கு அருகிலேயே, 'பறக்கும் ரயில்' எனப்படும் உயர்பாதை மின்சார ரயிலுக்கான பார்க் டவுன் நிலையமும் உள்ளன.

தியாகராய நகருக்குப் போக விரும்புபவர் சாலையைக் கடந்து பார்க் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குவதே நேர்வழி. ரங்கநாதன் தெரு அங்கேயே தொடங்கிவிடும். மெட்ரோவில் தேனாம்பேட்டையிலோ நந்தனத்திலோ இறங்கினால் மறுபடியும் பேருந்தோ ஆட்டோவோ தேட வேண்டியிருக்கும். மயிலாப்பூருக்குப் போகிறவருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம் வசதியானது. தென்மாவட்டங்களுக்கான அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து அல்லாமல் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன என்பதைப் பழைய நினைவில் வருவோர் மறந்துவிடுகிறார்கள். அங்கே செல்வதற்கும் பார்க் நிலையத்தில் செங்கல்பட்டு மார்க்க ரயிலில் ஏறி, வண்டலூரில் இறங்கிப் பேருந்தில் செல்வதே செலவு குறைந்த வழி.

மற்றபடி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், உயர் நீதிமன்றம், அண்ணா சாலை நெடுகிலும் உள்ள இடங்கள், கிண்டி, விமான நிலையம் ஆகியவற்றுக்கு மெட்ரோவை விட்டு வேறொன்றை யோசிக்கத் தேவையில்லை. வடமாநிலங்களிலிருந்து சென்ட்ரலில் வந்திறங்கி, மதுரை, திருநெல்வேலி போன்ற தென்திசை ரயிலைப் பிடிப்பதற்காக எழும்பூர் செல்ல வேண்டியவருக்கு இது பச்சை வழித்தடத்தில் ஒரே ஒரு நிலையத் தொலைவுதான். ஆட்டோவுக்குப் பேரம் பேசும் நேரத்தில் எழும்பூர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வழித்தடமும் முனையும்

நீல வழித்தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையிலிருந்து புறப்பட்டு, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம் வழியாகச் சென்ட்ரலுக்கு வந்து, அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையத்தை அடைகிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலில் தொடங்கி, எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்று மேற்கே வளைந்து சென்று ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலையில் முடிகிறது.

இந்த அமைப்பில் புதியவருக்கு உதவும் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலிலேயே தொடங்குவதால், இங்கே அந்தத் தடத்தில் திசை மாறி ஏறுவதற்கு வழியே இல்லை. எந்தப் பச்சைத் தட ரயிலில் ஏறினாலும் அது எழும்பூர் பக்கமாகத்தான் போகும். தவறு நேர்வதெல்லாம் நீல வழித்தடத்தில்தான். அங்கே ஒரு பக்கம் நிற்கும் ரயில் விம்கோ நகருக்கும், மறுபக்கம் நிற்கும் ரயில் விமான நிலையத்துக்கும் செல்லும். பலகைகள் நீங்கள் இறங்கும் ஊரின் பெயரைச் சொல்வதைவிட வழித்தடத்தின் கடைசி நிலையத்தின் பெயரையே பெரிதாகச் சொல்லும். ஆகவே கிண்டிக்குப் போகிறவர் 'கிண்டி' என்று தேடிக்கொண்டிருக்காமல் 'விமான நிலையம்' என்ற பெயரைத் தேட வேண்டும். மண்ணடிக்குப் போகிறவர் 'விம்கோ நகர்' என்பதைத் தேட வேண்டும்.

விமான நிலையத்துக்கு நீலத் தடத்தில் நேராகச் செல்லலாம். பச்சைத் தடத்தில் ஏறி ஆலந்தூரில் மாறியும் செல்லலாம். பெட்டி படுக்கையுடன் இருப்பவர் நீலத் தடத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஆலந்தூரில் இரண்டு தடங்களின் நடைமேடைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால், மாறுவதற்கு மாடி ஏறியோ இறங்கியோ தீர வேண்டும்.

பயணச்சீட்டு

கட்டணம் தொலைவைப் பொறுத்து 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை போகிறது. ஒரே ஒரு முறை பயணம் செய்பவர் கவுண்டரிலோ தானியங்கி இயந்திரத்திலோ இறங்கும் நிலையத்தின் பெயரைச் சொல்லி, கியூஆர் குறியீடு அச்சிட்ட காகிதச் சீட்டைப் பெறலாம். கைப்பேசி வைத்திருப்பவர் மெட்ரோவின் செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ சீட்டு எடுத்தால் 20 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். வரிசையில் நிற்கவும் வேண்டாம். தொலைதூர ரயில் ஒன்று வந்து நின்ற சில நிமிடங்களில் சென்ட்ரலின் கவுண்டர் வரிசை எவ்வளவு நீளும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சீட்டைக் கீழே இறங்கிய பிறகு எடுக்காமல், இணைய இணைப்பு நன்றாக இருக்கும் தெருவில் நிற்கும்போதே எடுத்துவிடலாம். 2025-இல் அறிமுகமான 'சென்னை ஒன்' செயலியில் மெட்ரோ, மாநகரப் பேருந்து, மின்சார ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னையில் தங்கப் போகிறவருக்கு என் பரிந்துரை 'சிங்காரச் சென்னை' அட்டை. நாடு முழுவதற்குமான பொதுப் போக்குவரத்து அட்டை வகையைச் சேர்ந்த இதில் முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் இதைப் பயன்படுத்த முடிவதால், நடத்துநரிடம் சில்லறைக்குத் தடுமாறும் தொல்லையும் தீர்கிறது. ஓர் அட்டையை ஒருவர் மட்டுமே ஒரு பயணத்துக்குப் பயன்படுத்த முடியும். தாம் வாயிலைக் கடந்து உள்ளே போய்விட்டு அதே அட்டையை மனைவிக்கும் பிள்ளைக்கும் நீட்டினால் கதவு திறக்காது. குடும்பமாக வருவோர் ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொள்வதே சிக்கலற்றது.

சோதனையும் தானியங்கி வாயிலும்

படிக்கட்டில் இறங்கியதும் முதலில் வருவது பயணச்சீட்டுத் தளம். அங்கே பைகளையும் பெட்டிகளையும் எக்ஸ்ரே இயந்திரத்தின் பட்டையில் வைத்துவிட்டு, உலோகச் சோதனை வளைவுக்குள் நுழைந்து வர வேண்டும். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். பெண்களுக்குத் திரையிட்ட இடம் இருக்கும். பட்டாசு, பெட்ரோல், சமையல் எரிவாயு போன்ற தீப்பற்றக்கூடிய எதையும் எடுத்துச் செல்ல முடியாது. தீபாவளி நேரத்தில் பட்டாசுப் பையுடன் வந்து இந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுவோர் ஆண்டுதோறும் உண்டு.

சோதனை முடிந்தவுடன் வரிசையாக நிற்கும் தானியங்கி வாயில்களைப் பாருங்கள். பச்சை அம்புக்குறி எரியும் வாயிலில் மட்டுமே நுழைய வேண்டும். சிவப்புப் பெருக்கல் குறி எரிவது மறுபக்கத்திலிருந்து வெளியே வருவோருக்கானது. அட்டையாக இருந்தால் வட்டமிட்ட இடத்தில் ஒரு நொடி தொட்டுவைத்தால் போதும். கியூஆர் சீட்டு அப்படியன்று. அதன் குறியீட்டைக் கண்ணாடியின்மேல் அழுத்தித் தேய்த்தால் இயந்திரத்துக்குப் படிக்க வராது. இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, சீட்டை மடங்காமல் தட்டையாகப் பிடிக்க வேண்டும். கைப்பேசியில் காட்டுவதானால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் படிக்காமல் போனால் பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். அதற்காகப் பதற வேண்டாம், சற்று ஒதுங்கி, பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் சேவை மையத்தில் காட்டினால் சரிசெய்து தருவார்கள். பெரிய பெட்டி, குழந்தை வண்டி, சக்கர நாற்காலி ஆகியவற்றுடன் வருவோருக்கு வரிசையின் ஓரத்தில் அகலமான வாயில் ஒன்று இருக்கும்.

சீட்டைக் கண்டிப்பாகப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே நுழைவதற்கு மட்டும் அல்லாமல் வெளியேறுவதற்கும் அதே சீட்டைக் காட்ட வேண்டும். மேலும், வாயிலுக்கு உள்ளே இருக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ச்சியாக நடைமேடையில் உட்கார்ந்துவிட்டுச் சாவகாசமாகப் புறப்படுவோர் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். கழிப்பறைக்கும் குடிநீருக்குமான தேவையைப் பயணச்சீட்டுத் தளத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கீழே, இன்னும் கீழே

சென்ட்ரல் மெட்ரோவில் புதியவர்களை மலைக்க வைப்பது இதன் ஆழம். இரண்டு வழித்தடங்களும் ஒன்றையொன்று கடக்க வேண்டியிருப்பதால், அவற்றின் நடைமேடைகள் வெவ்வேறு தளங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக்கப்பட்டுள்ளன. தெருவிலிருந்து பயணச்சீட்டுத் தளம் வரை ஓர் இறக்கம், அங்கிருந்து முதல் நடைமேடைத் தளத்துக்கு மற்றொன்று, அதற்கும் கீழுள்ள தளத்துக்கு இன்னொன்று. தளத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பலகையில் உள்ள நிறத்தைப் பின்தொடர்ந்தால் போதும். ஒரு தடத்தில் வந்து மற்றொரு தடத்துக்கு மாறுகிறவர் தானியங்கி வாயிலைத் தாண்டி வெளியே வரக் கூடாது. உள்ளேயே ஏறியோ இறங்கியோ மாறிக்கொள்ள வேண்டும். சீட்டு எடுக்கும்போதே கடைசியாக இறங்கும் நிலையத்தைச் சொல்லியிருந்தால் இடையில் வேறு சீட்டு வேண்டாம்.

நகரும் படிக்கட்டில் ஏறிப் பழக்கமில்லாத பெரியவர்கள் அதன் தொடக்கத்தில் ஒரு காலை முன்வைத்து, பின்வாங்கி, மறுபடியும் முன்வைத்துத் தயங்கி நிற்பதை இங்கே எந்த நேரத்திலும் காணலாம். பின்னால் வரும் கூட்டமோ நிற்காது. அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடுவது உதவியாகத் தோன்றினாலும் ஆபத்தானது. எல்லாத் தளங்களுக்கும் மின்தூக்கி இருக்கிறது. சற்றுச் சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் அதில் அழைத்துச் செல்லுங்கள். பெரிய சூட்கேஸ்களுக்கும் அதுவே இடம். நகரும் படிக்கட்டில் ஏறுவோர் புடவையின் கொசுவத்தையும் வேட்டியின் நுனியையும் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மென்மையான ரப்பர் செருப்பு அணிந்த குழந்தைகள் படியின் ஓரத்தை ஒட்டிக் கால் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். யாருடைய ஆடையாவது சிக்கிக்கொண்டால், படிக்கட்டின் இரு முனைகளிலும் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அது நின்றுவிடும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தரையில் மேடுபள்ளமான மஞ்சள் நிறப் பாதை பதிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு நின்று பேசுவது, தெரியாமல் செய்தாலும், ஒருவரின் வழியை அடைப்பதாகும்.

நடைமேடையும் ரயிலும்

நிலத்தடி நடைமேடைகளில் தண்டவாளம் கண்ணுக்கு நேராகத் தெரியாது. நடைமேடையின் விளிம்பு முழுவதும் கண்ணாடித் தடுப்பும், அதில் ரயிலின் கதவுகளுக்கு நேராகத் தானாகத் திறக்கும் கதவுகளும் உள்ளன. யாரும் தவறி விழாமல் காப்பதோடு, நடைமேடையின் குளிர்காற்று சுரங்கத்துக்குள் போய் வீணாகாமலும் இவை தடுக்கின்றன. இந்தக் கண்ணாடியில் சாய்ந்து நிற்கக் கூடாது. ரயில் வந்து நின்றவுடன் இரண்டு கதவுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறக்கும். தரையில் வரைந்துள்ள அம்புக்குறிகளின்படி, இறங்குவோருக்கு நடுவில் வழிவிட்டு இரு பக்கமும் ஒதுங்கி நில்லுங்கள்.

கதவு மூடப்போகும் ஒலி எழுந்த பிறகு ஓடிவந்து ஏற முயல வேண்டாம். புறநகர் மின்சார ரயிலில் ஓடி ஏறிப் பழகியவர்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ரயில் சில நிமிடங்களில் வந்துவிடும். எத்தனை நிமிடம் என்பதைத் தலைக்கு மேலுள்ள பலகையே காட்டிக்கொண்டிருக்கும். குடும்பத்தில் பாதிப் பேர் ஏறி, மீதிப் பேர் நடைமேடையிலேயே நின்றுவிட்டால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே காத்திருப்பது, பின்தங்கியவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேர்வது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடிப் புறப்பட்டால் இரு ரயில்களும் சுரங்கத்துக்குள் எதிரெதிரே கடந்து போகும்.

ரயிலில் நான்கு பெட்டிகள் இருக்கும். அவற்றில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பெட்டியை நடைமேடையிலும் கதவிலும் உள்ள குறியீட்டைக் கொண்டு அறியலாம். ஒவ்வொரு நிலையத்துக்கு முன்பும் அதன் பெயரையும் எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள். சுரங்கத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர எதுவும் தெரியாததால் இந்த அறிவிப்பைக் கவனிப்பது அவசியம். பச்சைத் தடத்தில் திருமங்கலம் வரையிலும், நீலத் தடத்தில் தெற்கே சைதாப்பேட்டை வரையிலும் பாதை நிலத்துக்கடியில் செல்கிறது. அதன் பிறகு ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். சின்னமலைக்குப் போகிறவருக்கு இந்த வெளிச்சமே ஓர் அறிவிப்பு. சைதாப்பேட்டையைத் தாண்டி மேலே வந்தவுடன் எழுந்து நின்றுவிடலாம்.

சுரங்கத்தின் நடுவில் ரயில் சற்று நின்றுவிட்டால் அச்சப்பட வேண்டாம். முன்னே செல்லும் ரயில் நகர்வதற்காகக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். கதவைத் திறக்க முயல்வது மட்டும் கூடவே கூடாது. யாருக்கேனும் உடல்நலம் குன்றினால், கதவருகே உள்ள அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தி ஓட்டுநரிடம் பேசலாம். அடுத்த நிலையத்துக்கு அவர் தகவல் தெரிவித்துவிடுவார்.

சென்ட்ரலில் இறங்கி மேலே வருதல்

நகரத்தின் பிற பகுதிகளிலிருந்து சென்ட்ரலுக்கு வருவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. நடைமேடையிலிருந்து மேலே வந்ததும் கண்ணில் படும் முதல் வாயிலில் வெளியேறிவிட்டால், வாகனங்கள் ஓயாத ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் தவறான பக்கத்தில் போய் நிற்க நேரிடும். தானியங்கி வாயிலைக் கடந்தவுடன் அவசரப்படாமல் நின்று, வெளிவழிகளைக் காட்டும் வரைபடத்தையும் பலகைகளையும் படியுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையம், மூர்மார்க்கெட் வளாக நிலையம், ரிப்பன் மாளிகை ஆகியவை சாலையின் ஒரு பக்கத்தில் உள்ளன. பார்க் நிலையம், பார்க் டவுன் நிலையம், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகியவை மறுபக்கத்தில் உள்ளன. தவறாக ஏறிவிட்டாலும் சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதை வழியாகவே மறுபக்கம் செல்லுங்கள்.

மேலே வந்த பிறகு எங்கே நிற்கிறோம் என்பது விளங்காவிட்டால் கட்டடங்களைப் பாருங்கள். மணிக்கூண்டுடன் கூடிய சிவப்புக் கட்டடம் ரயில் நிலையம். வெள்ளை வெளேரென்று நிற்பது மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. அதன் அருகிலுள்ள பழைய சிவப்புக் கட்டடம் விக்டோரியா பொது மண்டபம். சிவப்பு இரண்டு இருப்பதால் மணிக்கூண்டை அடையாளமாகக் கொள்வதே சரி.

தொலைதூர ரயிலைப் பிடிக்க வருவோர் மெட்ரோ சென்ட்ரலை அடையும் நேரத்தையே கணக்கில் வைத்துப் புறப்படுகிறார்கள், அது போதாது. ஆழத்திலிருந்து ஏறி, வெளியே வந்து, ரயில் நிலையத்தின் முகப்பைக் கடந்து, உங்கள் பெட்டி நிற்கும் இடம் வரை நடக்க வேண்டும். பெட்டிகளுடன் வருபவர் மெட்ரோவை விட்டு இறங்கிய பிறகு குறைந்தது 20 நிமிடமாவது கையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்; முதியவர்கள் உடன் வந்தால் அரை மணி நேரம். மெட்ரோ சேவை அதிகாலை 5 மணியளவில் தொடங்கி இரவு 11 மணியளவில் முடிகிறது. அதற்கு முன்போ பின்போ வரும் ரயில்களில் இறங்குவோர் ஆட்டோவுக்கோ வாடகைக் காருக்கோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அரசுப் பொது மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருவோருக்குத் தனியாக ஒன்று. ஏறும் நிலையத்திலேயே சேவை மையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்று கேளுங்கள். சென்ட்ரலில் இறங்கும்போதும் உதவி தேவை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனைப் பக்கம் செல்லும் வழியில் மின்தூக்கி எங்கே இருக்கிறது என்று மேலே வரும் முன்பே பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்வோர், அலுவலக நேரக் கூட்டம் சேர்வதற்கு முன்பே புறப்பட்டுவிட்டால் ரயிலில் உட்கார்ந்து வர இடமும் கிடைக்கும்.